ட்ரஸ் நிற்கிறது, தள்ளினால் ஆடுகிறது: இந்த பிரேசிங் போதுமா?

சதுரமூலை எழுதியது:

வணக்கம். 12 மீட்டர் அகலக் கொட்டகை ஒன்றுக்கு இரும்பு ட்ரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஏற்றி முடித்திருக்கிறோம். மொத்தம் 9 ட்ரஸ், 4 மீட்டர் இடைவெளி, முகட்டில் உயரம் 2.4 மீட்டர். மேல் கார்டு (சட்டத்தின் சாய்ந்த மேல் உறுப்பு), கீழ் கார்டு (அடியில் படுத்திருக்கும் உறுப்பு) இரண்டுமே 50×50×6 ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்தது. நடுவில் 8 மி.மீ. கசெட் பிளேட் (முடிச்சுகளில் வரும் இணைப்புத் தகடு). பர்லின் (ட்ரஸ்களுக்குக் குறுக்கே போய் ஷீட்டைத் தாங்கும் சட்டம்) எல்லாம் போட்டாயிற்று. ஷீட் இன்னும் ஏறவில்லை.

நேற்று ஏணியில் ஏறி, ஒரு ட்ரஸ்ஸின் ஓரத்திலிருந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கீழ் கார்டின் நீளத்தைப் பார்த்தேன். நேராக இல்லை, தண்ணீர்ப் பாம்பு போவது மாதிரி இருக்கிறது. நீளமான மூங்கிலால் நடுவில் லேசாகத் தள்ளினேன். நான்கைந்து தரம் போய் வந்துதான் நின்றது. மேல் பக்கம் அசையவே இல்லை, அடி மட்டும் ஊஞ்சல்.

பிரேசிங் (ட்ரஸ் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் கட்டு) என்று இப்போது இருப்பது ஒரு முனையில், முதல் இரண்டு ட்ரஸ்ஸுக்கு நடுவே, கூரைச் சரிவில் 12 மி.மீ. கம்பியில் எக்ஸ். அவ்வளவுதான். செய்தவரைக் கேட்டால் "பர்லின் பிடித்துக்கொள்ளும், ஷீட் ஏறினால் கல்லு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். அப்படியா?

துருப்பிடித்தவன் எழுதியது:

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. முப்பது வருஷமாக ட்ரஸ் அடிக்கிறேன். கீழ் கார்டு தனியாகத் தள்ளினால் எங்கேயும் ஆடத்தான் செய்யும். பர்லின் போட்டு, சாக் ராட் கோத்து, ஷீட்டை முறுக்கினால் எல்லாம் ஒரே உடம்பு. நான் அடித்ததில் பாதிக்கு மேல் பிரேசிங் கிடையாது, எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. பயப்படாமல் ஷீட்டை ஏற்றுங்கள்.

தூக்குக்குண்டு எழுதியது:

ஷீட்டை ஏற்றாதீர்கள் தம்பி. இரண்டு நாள் பொறுங்கள்.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, டிராயிங்கில் பிரேசிங் எங்கெல்லாம் காட்டியிருக்கிறது? இரண்டு, அந்த 12 மி.மீ. கம்பியின் நுனி எதில் மாட்டியிருக்கிறது, ட்ரஸ்ஸிலா பர்லினிலா? மூன்று, ஒவ்வொரு ட்ரஸ்ஸின் முகட்டிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கீழ் கார்டிலிருந்து எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது, எந்தப் பக்கம்? அந்தப் பக்கம்தான் முக்கியம்.

கணக்குப்புலி எழுதியது:

அவர் பார்த்துவிட்டு வருவதற்குள் பர்லின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ட்ரஸ் தன் தளத்திற்குள் மட்டும்தான் பலசாலி. பக்கவாட்டில் அது ஓர் அட்டை. மேல் கார்டில் அமுக்கவிசை ஓடுகிறது, அமுக்கப்படும் எந்த மெல்லிய குச்சியும் பக்கவாட்டில் நெளியப் பார்க்கும். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: நெளியும் சுமை நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். பிடிமானமில்லாத நீளத்தைப் பாதியாக்கினால் தாங்குதிறன் நான்கு மடங்கு. இந்த ட்ரஸ்ஸில் மேல் கார்டு ஒரு சரிவில் சுமார் 6.5 மீட்டர். பர்லின் 1.4 மீட்டருக்கு ஒன்று பிடித்தால் நல்ல நிலைமைதான்.

ஆனால் பர்லின் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? அடுத்த ட்ரஸ்ஸை. அது? அதற்கடுத்ததை. நெரிசலான பேருந்தில் ஒன்பது பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், கம்பியை யாருமே பிடிக்கவில்லை என்று வையுங்கள். பிரேக் அடித்தால் ஒன்பது பேரும் ஊரோடு ஒத்து ஒரே பக்கம் சாய்வார்கள். இடைவெளி மட்டும் மாறாது! பர்லின் செய்வது அதைத்தான், ட்ரஸ்களின் இடைவெளியைக் காப்பாற்றும். கடைசியில் யாராவது ஒருவர் கம்பியைப் பிடிக்க வேண்டும். அந்தக் கம்பிதான் எக்ஸ் போட்ட கட்டம் (இரண்டு ட்ரஸ்ஸுக்கு நடுவிலுள்ள இடம்).

சாக் ராட் பற்றியும் ஒரு வார்த்தை. அது பர்லின் சரிவோடு சரிவாகத் தொங்கிவிடாமல் தூக்கிப் பிடிப்பதற்கு. ட்ரஸ்ஸுக்கும் அதற்கும் பந்தமில்லை.

துருப்பிடித்தவன் எழுதியது:

பேருந்துக் கதை நன்றாகத்தான் இருக்கிறது சார். அப்புறம் ஏன் என் கொட்டகைகள் சாயவில்லை?

கணக்குப்புலி எழுதியது:

நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ள மாட்டேன். மூன்று காரணம் இருக்கலாம். எஃகு ஷீட்டை ஒவ்வொரு பர்லினிலும் ஸ்க்ரூ வைத்து நெருக்கமாக முறுக்கி, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் ஓரத்தில் தைத்திருந்தால் அந்தத் தளமே ஒரு பலகைபோல வேலை செய்யும். யாரும் கணக்குப் போடாத பலம் அது. சிமென்ட் ஷீட்டில் ஜே போல்ட் மாட்டினால் அந்தப் பலம் கிடையாது, ஓட்டை பெரிது, உள்ளே ஆட்டம் இருக்கும். இரண்டாவது, முனையில் கெட்டியான சுவர் இருந்து பர்லின் அதில் பதிந்திருக்கலாம். மூன்றாவது, அந்தக் கூரை எந்தக் காற்றுக்காகக் கணக்கிடப்பட்டதோ அது இன்னும் வந்திருக்காது. பெரும்பாலான கூரைகள் தம் வாழ்நாளில் முழுச் சுமையைப் பார்ப்பதே இல்லை.

பெரிய இடத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் சிவிக் சென்டர் என்ற அரங்கின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனிச் சுமையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சில மணி நேரத்துக்கு முன்புதான் சுமார் 5,000 பேர் அதன் கீழே கூடைப்பந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அங்கே மேல் தளக் கம்பிகள் ஒவ்வொன்றும் 30 அடி. நடுவில், 15 அடியில், பிடிமானம் இருப்பதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் பிடிக்க வேண்டிய சாய்வுக் கம்பிகள் மேல் கம்பியோடு ஒரே புள்ளியில் சேராமல், கொஞ்சம் கீழே சேர்ந்தன. காகிதத்தில் இருந்த பிடிமானம் இரும்பில் இல்லை. கட்டும்போதே கூரை எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு தொய்ந்ததை அளந்திருக்கிறார்கள், அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது சில வருஷம் நிற்கத்தான் செய்தது.

சதுரமூலை எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

டிராயிங்கில் இரண்டு முனைக் கட்டங்களிலும் கூரைச் சரிவில் எக்ஸ் இருக்கிறது. ஒரு சரிவுக்கு இரண்டு எக்ஸ், 16 மி.மீ. கம்பி. கீழ் கார்டில், எல்லா ட்ரஸ்ஸையும் கோத்து, கொட்டகையின் நீளவாக்கில் இரண்டு வரிசைக் குழாய் ரன்னர். அதே முனைக் கட்டங்களில் மேல் கார்டுக்கும் கீழ் கார்டுக்கும் நடுவே நிற்கிற மாதிரி எக்ஸ். இவற்றில் வந்திருப்பது ஒரே முனையில், சரிவுக்கு ஒற்றை எக்ஸ், 12 மி.மீ.

அதுவும் பர்லினின் நடு முதுகில் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறார்கள், ட்ரஸ்ஸிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. கம்பியைக் கையால் இழுத்தால் பர்லின் பக்கவாட்டில் வளைகிறது.

குண்டு விட்டதில் முதல் ட்ரஸ் 5 மி.மீ., இரண்டாவது 8, ஐந்தாவது 22, எட்டாவது 31, ஒன்பதாவது 35. எல்லாம் ஒரே பக்கம்.

தூக்குக்குண்டு எழுதியது:

எல்லாம் ஒரே பக்கம். இதைத்தான் கேட்டேன். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்றால் செய்த பிழை. வரிசையாக ஒரே பக்கம் கூடிக்கொண்டே போனால், அது ஏற்றும்போதே ஒன்று மேல் ஒன்று சாய்ந்து வந்தது.

முதல் ட்ரஸ்ஸை ஏற்றும்போது என்ன செய்தார்கள்? கயிறு கட்டினார்களா? நான் இளவட்டமாக இருந்தபோது ஓர் இடத்தில் முதல் ட்ரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டாமல், ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு கிரேன் கொக்கியைக் கழற்றினோம். இரண்டாவது, மூன்றாவது ட்ரஸ்ஸையும் அதோடு ஒற்றைப் பர்லினில் கோத்தாயிற்று. எக்ஸ் கம்பி கீழே சாக்கின் மேல் கிடக்கிறது, "சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம்". மதியம் எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில் ஒரு காற்று. பெரிய காற்றுகூட இல்லை, தரையில் தூசி கிளம்புகிற அளவு. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மூன்றாவது மெதுவாகத் தலை சாய்த்தது, மற்ற இரண்டையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. படார் என்றுகூட இல்லை. சாய்ந்து, முறுகி, அப்புறம்தான் சத்தம். யாரும் கீழே இல்லை. அன்றிலிருந்து நான் பிடிக்கும் வரிசை ஒன்றுதான்: முதல் இரண்டு ட்ரஸ்ஸையும் பர்லின், எக்ஸ் எல்லாம் போட்டு ஒரு பெட்டியாக்கி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, குண்டு பார்த்து, அதற்கப்புறம்தான் மூன்றாவது. பெட்டியாகாதவரை கொக்கி கழறாது.

உங்கள் கேஸில் நல்லது என்னவென்றால் ஷீட் ஏறவில்லை. நிமிர்த்தலாம்.

புதுசு எழுதியது:

ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். கீழ் கார்டு இழுவிசையில்தானே இருக்கிறது? இழுத்துப் பிடித்த கயிறு நெளியாதே. அதற்கு எதற்கு இத்தனை ரன்னர்?

கணக்குப்புலி எழுதியது:

தப்பே இல்லை. கூரையைக் கீழே அமுக்கும் சுமை இருக்கிறவரை நீங்கள் சொல்வது சரி. காற்று வந்தால் ஆட்டம் மாறும்.

வினாடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றுக்கு அழுத்தம் சுமார் 0.6 × 40 × 40, அதாவது சதுர மீட்டருக்கு 960 நியூட்டன், ஏறக்குறைய 98 கிலோ. அதில் பெரும்பங்கு கூரையை மேலே உறிஞ்சும். கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து தள்ளும். ஷீட், பர்லின், ட்ரஸ் எல்லாம் சேர்ந்த எடை சதுர மீட்டருக்கு 15, 20 கிலோ என்றால் மிச்சம் மேல்நோக்கித்தான். அப்போது மேல் கார்டு இழுவிசைக்குப் போகும், கீழ் கார்டு அமுக்கத்துக்கு வரும். கனமான ஓட்டுக் கூரையில் இந்தத் தொல்லை குறைவு. ஷீட் கூரையில் இதுதான் முதல் தொல்லை.

இப்போது இவருடைய ஆங்கிளைப் பாருங்கள். முதுகோடு முதுகு சேர்த்த இரண்டு 50×50×6, நடுவில் 8 மி.மீ. பிளேட். பக்கவாட்டுச் சுழல் ஆரம் (பக்கவாட்டு நெளிவை எவ்வளவு எதிர்க்கும் என்று காட்டும் அளவு) சுமார் 24 மி.மீ. கீழ் கார்டின் முழு நீளம் 12 மீட்டரும் பிடிமானமில்லாமல் இருந்தால் 12,000 ÷ 24 = 500. இதுதான் மெலிவு விகிதம், கூடக்கூட நெளிவது சுலபம். எப்போதாவது காற்றில் அமுக்கம் வரும் உறுப்புக்கு 350 தாண்டக் கூடாது என்றும், அந்த அமுக்கத்தை அது உண்மையிலேயே தாங்க வேண்டுமென்றால் 250 என்றும் வைப்பது பல விதிகளில் வழக்கம். நடுவில் ஒரு ரன்னர் வந்தால் 250, விளிம்பில். டிராயிங்கில் இருக்கிற மாதிரி இரண்டு வரிசை வந்தால் 4,000 ÷ 24 = 167. டிராயிங் போட்டவர் சும்மா போடவில்லை.

மூங்கிலால் தள்ளினால் ஊஞ்சல் மாதிரி ஆடியது என்றாரே, அந்த 500தான் அது.

துருப்பிடித்தவன் எழுதியது:

சரி, கீழ் கார்டு விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். இதுவரை எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஷீட் கூரை பறந்த இடங்களில் ட்ரஸ் அடி மட்டும் முறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே விழுந்ததில் வளைந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். கட்டுபவர் விலை குறைக்கச் சொன்னால் முதலில் அடிபடுவது பிரேசிங். மேல் கார்டைக் குறைக்கிறேன் என்றால் பதறுவார்கள், எக்ஸ் கம்பியை எடுத்துவிடுகிறேன் என்றால் "அது அழகுக்குத்தானே" என்பார்கள். எடை போட்டு வாங்குகிற வேலையில் பிரேசிங் எடை கம்மி, வேலை ஜாஸ்தி. அதனால் செய்கிறவனுக்கும் அதில் மனசு இல்லை. இந்த 12 மி.மீ. கம்பி அப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, 12க்கும் 16க்கும் அவ்வளவு வித்தியாசமா?

கணக்குப்புலி எழுதியது:

உங்கள் ஆதங்கம் புரிகிறது. எடைக்குக் கூலி என்ற முறையே பிரேசிங்குக்கு எதிரி.

12, 16 கேள்விக்கு ஒரு குத்துமதிப்பு. நெளியப் பார்க்கும் உறுப்பைப் பிடித்து நிறுத்த, அதில் ஓடும் அமுக்கத்தில் சுமார் 2% பக்கவாட்டு விசை போதும் என்பது பழைய கைக்கணக்கு. இந்த அளவு ட்ரஸ்ஸில் மேல் கார்டில் 6 டன் என்று வைத்துக்கொள்வோம். 2% என்றால் 120 கிலோ. சின்ன எண்தான், ஒரு ஆள் தள்ளுகிற அளவு. ஆனால் ஒன்பது ட்ரஸ்ஸும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே எக்ஸில் வந்து விழுந்தால் 1,080 கிலோ. கம்பி சாய்வாகப் போவதால் அதில் சுமார் 1.4 டன். மரையிட்ட 12 மி.மீ. கம்பியின் நிகரப் பரப்பு 84 சதுர மி.மீ., பாதுகாப்பாக 1.3 டன்தான் எடுக்கும். 16 மி.மீ. என்றால் 157 சதுர மி.மீ., 2.4 டன் வரை. இதில் முனையிலுள்ள முக்கோணச் சுவரில் மோதும் காற்றை நான் சேர்க்கவே இல்லை. அதுவும் இதே கம்பி வழியாகத்தான் இறங்க வேண்டும். (பல ட்ரஸ் வரிசையாக இருந்தால் அந்த 2 சதவீதத்தைக் கொஞ்சம் குறைக்கச் சில விதிகள் இடம் கொடுக்கும். ஆனாலும் 12 மி.மீ.க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.)

எக்ஸில் ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான் வேலை செய்யும் என்பதையும் மறக்காதீர்கள். மற்றது அமுக்கத்தில் தளர்ந்து தொங்கும். அதனால்தான் இரண்டு.

அப்புறம் பாதை. கூரையில் எக்ஸ் போட்டால் விசை இறவாரத்துக்கு வரும். அங்கிருந்து? தூண்களுக்கு நடுவிலும் அதே கட்டத்தில் எக்ஸ் இருந்தால்தான் அஸ்திவாரத்துக்குப் போகும். சதுரமூலை, தூண் பக்கம் என்ன இருக்கிறது?

மரத்தச்சன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மர ட்ரஸ்ஸிலும் அச்சு அசல் இதே கதைதான்.

ஆணித்தகடு அடித்த ட்ரஸ்ஸில் நடுவில் நீளமான ஒரு சாய்வுச் சட்டம் வரும், அமுக்கத்தில் இருக்கும். அதைப் பிடிக்க எல்லா ட்ரஸ்ஸையும் கோத்து நீளவாக்கில் ஒரு ரீப்பர் அடிப்பார்கள். போன வருஷம் ஒரு பரணுக்குள் டார்ச்சோடு ஏறினேன். இருபது ட்ரஸ், இருபது சட்டமும் ஒரே பக்கம் வில்லாக வளைந்திருக்கிறது, ரீப்பர் ஆணி ஒன்றுகூடக் கழறவில்லை! ரீப்பர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. ரீப்பரைப் பிடிக்க, சாய்வாக அடிக்கும் மூலைச்சட்டம்தான் இல்லை. பேருந்துக் கதை.

ட்ரஸ் நாலைந்துதான் என்றால் நான் ரீப்பரே போட மாட்டேன். ஒவ்வொரு சட்டத்தின் முதுகிலும் இன்னொரு சட்டத்தை டி வடிவில் வைத்து ஆணி அடித்துவிடுவேன், நீளத்தில் பத்தில் ஒன்பது பங்காவது. அது பக்கத்து ட்ரஸ்ஸை நம்பாமல் தன் காலில் நிற்கும்.

சதுரமூலை எழுதியது:

தூண் பக்கம் நல்ல சேதி. இரண்டு முனைக் கட்டங்களிலும் ஆங்கிளில் எக்ஸ் இருக்கிறது, டிராயிங்படி. கூரையில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

செய்தவரோடு பேசிவிட்டேன். டிராயிங்கை நீட்டியதும் அதிகம் வாதாடவில்லை. இனி வரிசை என்ன? முதலில் ரன்னரா, எக்ஸா, நிமிர்த்தலா? ரன்னரை நேரே வெல்டு செய்யலாமா?

தூக்குக்குண்டு எழுதியது:

நிமிர்த்துவதுதான் முதலில். கோணலாக இருக்கும்போது பிரேசிங் போட்டால் கோணலைக் கெட்டியாக்குகிறீர்கள்.

நேராக இருக்கும் முனையிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டு ட்ரஸ்ஸை ஒழுங்காகப் பெட்டியாக்குங்கள்: சரிவில் 16 மி.மீ. எக்ஸ், நிற்கிற எக்ஸ் எல்லாம். கம்பி நுனி கசெட் பிளேட் இருக்கும் முடிச்சில் வர வேண்டும், பர்லின் முதுகில் இல்லை. அப்புறம் மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றாக. பர்லின் போல்ட்டைத் தளர்த்தி, கையால் இழுக்கும் வின்ச் போட்டு, குண்டு பார்த்து நிமிர்த்தி, அந்த ட்ரஸ்ஸுக்கு ரன்னரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ட்ரஸ்ஸின் போல்ட்டைத் தளர்த்தவே கூடாது.

வெல்டு: சுமையில் இருக்கும் ஆங்கிளின் குறுக்காக வெல்டு ஓட்டாதீர்கள், சூட்டில் அந்த இடம் கொஞ்ச நேரம் மெழுகு. கசெட்டில் ஓட்டை போட்டு கிளீட் (சின்ன ஆங்கிள் துண்டு) வைத்து போல்ட் மாட்டுங்கள்.

கணக்குப்புலி எழுதியது:

ரன்னருக்கு ஒற்றை ஆங்கிள் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 65×65×6க்குக்கூட 4 மீட்டரில் மெலிவு விகிதம் 317 வருகிறது, இழுக்கத்தான் ஆகும், தள்ளாது. வெளிவிட்டம் 60 மி.மீ. குழாய் என்றால் 200 அளவில் நிற்கும். டிராயிங்கில் குழாய்தானே, அப்படியே விடுங்கள்.

சதுரமூலை எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லாம் முடிந்தது. எட்டாவதும் ஒன்பதாவதும் கொஞ்சம் மல்லுக்கட்டின. நிமிர்த்தி முடித்தபோது அதிகபட்ச விலகல் 6 மி.மீ. அதே மூங்கிலால் கீழ் கார்டைத் தள்ளினேன், மூங்கில்தான் வளைகிறது.

ஒரே ஒரு குறை. ஒன்பதாவது பக்கம் டர்ன்பக்கிளை (எக்ஸ் கம்பியை இறுக்கும் திருகு) ஒரு பையன் ஆர்வத்தில் வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிட்டான். தட்டினால் கிண்ணென்று ஒலிக்கிறது. எட்டாவது ட்ரஸ் மறுபடி 14 மி.மீ. இழுபட்டிருக்கிறது.

தூக்குக்குண்டு எழுதியது:

தளர்த்துங்கள். கம்பியின் தொய்வு போகிற அளவுதான் முறுக்கம், அதற்கு மேல் அது ட்ரஸ்ஸை இழுக்கிற வேலை. குண்டைத் தொங்கவிட்டுக்கொண்டே இரண்டு கம்பியையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று, அரைச் சுற்றாக விடுங்கள். குண்டு நேரானதும் லாக் நட்டை இறுக்கிவிட்டு ஷீட்டுக்குச் சொல்லிவிடலாம்.